பனி இல்லாத நாளில் பார்க்க வேண்டிய ஊர்

வீட்டிலிருந்தே பணியாற்றும் வழக்கம் நிலைபெற்ற பிறகு, பெங்களூரு, தில்லி, மும்பை போன்ற நகரங்களின் இளம் பணியாளர்களிடையே ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. இந்தியாவில் எந்தப் பனிச்சறுக்குத் தளத்தின் அருகில் குடியேறுவது? சில ஆண்டுகளுக்கு முன்புவரை வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடிய இக்கேள்வியைப் பலர் இன்று வாடகை, இணைய வேகம், வேலை நேரம் ஆகியவற்றோடு சேர்த்து உண்மையாகவே கணக்கிடுகிறார்கள். அக்கணக்குகளில் பெரும்பாலும் இடம்பெறுபவை மூன்று: பனியின் ஆழம், சரிவின் நீளம், ரோப் காரின் கட்டணம்.

இம்மூன்றும் சுற்றுலாப் பயணியின் அளவுகோல்கள். ஐந்து நாள் தங்கிச் செல்பவருக்கு அவை போதும். குடியேறுபவரின் நிலை வேறு. இமயமலையின் இந்தியச் சரிவுகளில் சறுக்குவதற்கேற்ற பனி கிடைப்பது நல்ல ஆண்டில் இரண்டு முதல் மூன்று மாதங்கள். மீதமுள்ள ஒன்பது மாதங்களில் அங்கு இருப்பது ஊர் மட்டுமே: அதன் நிலம், தண்ணீர், சாலை, மருத்துவமனை, பள்ளி, அண்டை வீட்டார். ஆகவே, வாழ்வதற்கான பனிச்சறுக்குத் தளத்தைப் பனி பொழியும் நாளில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பிழையான முறை. பனி இல்லாத ஒரு நாளில், மேலே உள்ள சரிவைப் பார்க்காமல் கீழே உள்ள ஊரைப் பார்த்து முடிவெடுப்பதே முறையானது.

இந்தியாவில் இத்தேர்வுக்கு உரிய இடங்கள் மிகச் சில. ஜம்மு காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் அவுலி, இமாச்சலத்தில் மணாலியை அடுத்த சோலாங், சிம்லாவுக்கு அப்பாலுள்ள நார்கண்டா. இந்த நான்கின் கீழும் நான்கு வெவ்வேறு வகையான ஊர்கள் இருக்கின்றன. அந்த வேறுபாடே இத்தேர்வின் சாரம்.

முதலில் பனியையே எடுத்துக்கொள்ளலாம். அதில் குல்மார்க்குக்கு நிகரில்லை. சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அப்புல்வெளியில் 1927-இலேயே ஆங்கிலேயர்கள் பனிச்சறுக்குக் கழகம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். 1998-இல் கோண்டோலாவின் முதல் கட்டமும், 2005-இல் இரண்டாம் கட்டமும் இயங்கத் தொடங்கின. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம்வரை மனிதரைக் கொண்டுசேர்க்கிறது. தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவக்காற்று எப்படியோ, அப்படியே மேற்கு இமயத்தின் குளிர்காலத்துக்கு மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றலைகள். அவற்றை முதலில் எதிர்கொள்ளும் மலைகளுள் குல்மார்க்கைத் தாங்கி நிற்கும் பீர் பஞ்சால் தொடரும் ஒன்று. அட்சரேகை, உயரம், காற்றின் வழி ஆகிய மூன்றும் அதற்குச் சாதகம்.

ஆனால் அந்தப் பனிக்கும் இன்று உறுதியில்லை. 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க்கின் சரிவுகள் புல்லும் மண்ணுமாகக் காட்சியளித்தன. பனி வந்தது மாத இறுதியில்தான். 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிக்குறைவால் ஒத்திவைக்கப்பட்டு மார்ச்சில் நடத்தப்பட்டன. நாட்டின் மிகச் சிறந்த பனித்தளத்துக்கே இந்நிலை என்றால், அதைவிடத் தாழ்ந்த, தெற்கே அமைந்த தளங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்றிருந்த சிம்லாவை அடுத்த குஃப்ரி, இன்று குதிரைச் சவாரிக்காகவே அதிகம் அறியப்படுகிறது.

பனிக்குறைவு வந்தவருக்கும் வாழ்பவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்பார்கள். அந்நாள்களில் விழும் பனி இறுகி நின்று, கோடையில் மெல்லக் கரைந்து, ஓடைகளையும் ஊற்றுகளையும் உயிரோடு வைக்கிறது. ஆப்பிள் மரம் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்க வேண்டுமானால், பல வகைகளுக்குச் சுமார் 1,000 மணி நேரக் குளிர் தேவை. பனி பொய்த்த ஜனவரியில் சறுக்க வந்தவர் இழப்பது ஒரு விடுமுறை. தோட்டக்காரர் இழப்பது அடுத்த கோடையின் தண்ணீர். ஒரே வானத்தை நோக்கி இருவரும் காத்திருக்கிறார்கள் என்பதை உணராமல் அங்கு குடியேறுபவர், எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் விருந்தாளியாகவே இருப்பார்.

அடுத்து நிலம். இங்கேதான் அவுலியின் கதை தொடங்குகிறது. காட்சியழகை மட்டும் கொண்டு தீர்மானிப்பதானால் அவுலிக்கு முதலிடம் தரலாம். எதிரே 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி. சரிவுகளின் ஓரம் தேவதாருவும் கருவாலியும். 2011-இல் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த தளம். கீழே சுமார் 1,890 மீட்டரில் ஜோஷிமட். ஆதிசங்கரர் நிறுவியதாகப் போற்றப்படும் மடத்தின் ஊர். பத்ரிநாத் ஆலயம் பனியில் மூடப்படும்போது வழிபாடு இறங்கிவந்து தங்கும் ஊர். ஊரையும் சரிவையும் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ரோப் கார் இணைத்தது. காலையில் கடைத்தெருவில் தேநீர் குடித்துவிட்டு அரை மணியில் பனியில் நிற்கலாம் என்ற வசதி நாட்டில் வேறெங்கும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை.

அந்த ஊர் நிற்பது பாறையின் மேலன்று. பழைய நிலச்சரிவு ஒன்று கொண்டுவந்து குவித்த மண், மணல், கற்களின் மேல். இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1976-இலேயே அன்றைய கார்வால் ஆணையர் எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு இதை எழுதிவைத்தது. நிலத்தின் உறுதியை ஆராயாமல் கனமான கட்டடங்கள் கட்டக் கூடாது. சரிவைத் தாங்கி நிற்கும் பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றக் கூடாது. மரம் வெட்டக் கூடாது. மழைநீரும் கழிவுநீரும் மண்ணுக்குள் இறங்காதபடி வடிகால் அமைக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. யாத்திரை, இராணுவம், நீர்மின் திட்டம், பனிச்சுற்றுலா ஆகிய நான்கும் சேர்ந்து ஊரைப் பல மடங்கு பெருக்கின. விடுதிகள் அடுக்கடுக்காக எழுந்தன. முறையான கழிவுநீர் வடிகால் ஊர் முழுமைக்கும் வரவில்லை. உறிஞ்சுகுழிகளின் நீர் தளர்ந்த மண்ணுக்குள்ளேயே இறங்கியது.

2023 ஜனவரி முதல் வாரத்தில் வீடுகளின் சுவர்கள் பிளந்தன. ஊரின் கீழ்ப்பகுதியில் மண்ணைப் பிளந்துகொண்டு சேற்றுநீர் பீறிட்டது. 860-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் பதிவாயிற்று. அவற்றுள் 181 கட்டடங்கள் பாதுகாப்பற்ற பகுதியில் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு விடுதிகள் இடிக்கப்பட்டன. 2022 டிசம்பர் 27 முதல் பன்னிரண்டே நாள்களில் நிலம் 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசியத் தொலையுணர்வு மையம் கணித்தது. இறக்கத்தின் உச்சிப்பகுதி ஜோஷிமட்–அவுலி சாலையருகே 2,180 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் அது குறிப்பிட்டது. ரோப் கார் நிறுத்தப்பட்டது. அருகில் நடந்த நீர்மின் சுரங்கப் பணியே காரணம் என்று ஊரார் குற்றஞ்சாட்டினர், அந்நிறுவனம் மறுத்தது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் தொடரலாம். தாங்காத நிலத்தின் மேல் சுமை ஏற்றப்பட்டது என்பதில் வாதமில்லை. பனிச்சரிவின் புகழும் அச்சுமையில் ஒரு பங்கு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்புதான். யாத்திரைக் காலம் ஏறத்தாழ மே மாதம் முதல் நவம்பர் வரை. அதன்பின் ஜோஷிமட்டின் விடுதிப் பணியாளர், வாடகை வண்டி ஓட்டுநர், தேநீர்க் கடைக்காரர், சறுக்குப் பயிற்சியாளர் ஆகியோருக்கு வருமானம் தந்தது பனிதான். வெளியூரார் வரக் கூடாது என்பது, அவர்களின் அடுப்பை அணைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். மலையூர்களின் இளைஞர்கள் வேலை தேடிச் சமவெளிக்கு இறங்குவதும், ‘பேய்க் கிராமங்கள்’ என்று அழைக்கப்படும் ஆளற்ற ஊர்கள் பெருகுவதும் உத்தராகண்டின் நீண்டநாள் துயரம். அப்படியிருக்க, ஆண்டு முழுவதும் தங்கிச் செலவழிக்கும் ஒரு குடும்பம் வருவது நல்லதல்லவா?

நல்லதுதான், எப்படி வருகிறது என்பதைப் பொறுத்து. ஏற்கெனவே இருக்கும் வீட்டில் வாடகைக்கு வந்து, உள்ளூர்க் கடையில் வாங்கி, உள்ளூர்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புபவர் ஊருக்கு வரவு. சரிவைப் பார்த்தபடி நான்கு மாடி எழுப்பி, ஆண்டில் இருபது நாள் தங்கி, மீதி நாள்களில் அதை விடுதியாக்குபவர் ஊருக்குச் சுமை. இருவரையும் ‘குடியேறியவர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் இவ்வாதத்தின் குழப்பம். சுவிட்சர்லாந்து இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதியது. 2012-இல் நடந்த பொதுவாக்கெடுப்பின் மூலம், எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று அந்நாட்டு மக்கள் முடிவுசெய்தார்கள். பனிச்சறுக்கால் வளர்ந்த ஆல்ப்ஸ் ஊர்களிலேயே, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காமல் போனதும், பருவம் முடிந்தால் பூட்டிய சன்னல்களே தெருவெங்கும் நிறைந்ததும் அம்முடிவின் பின்னணி.

இந்திய மலை மாநிலங்களும் தத்தம் வழியில் இதையே செய்ய முயல்கின்றன. இமாச்சலத்தின் 1972-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. உத்தராகண்ட் 2025-இல் கொண்டுவந்த திருத்தம், 13 மாவட்டங்களில் 11-இல் வெளிமாநிலத்தார் வேளாண் நிலமும் தோட்ட நிலமும் வாங்குவதைத் தடைசெய்கிறது. ஜம்மு காஷ்மீரில் 2020 அக்டோபர் முதல் விதிகள் தளர்ந்தன. அத்தளர்வைக் குறித்த உள்ளூர் அச்சம் இன்னும் தணியவில்லை. நிலம் வாங்கும் எண்ணத்தோடு வருபவர்கள் இச்சட்டங்களைத் தடையாகக் கருதுகிறார்கள். பினாமிப் பெயர்களைத் தேடுபவர்களும் உண்டு. சிறுநிலமே சொத்தாக உள்ள சமூகங்களுக்கு அவை கடைசி வேலி. வேலியைத் தாண்டிக் குதித்தவர் நல்ல அண்டை வீட்டார் ஆவது கடினம்.

இனி மற்ற ஊர்களுக்கு வரலாம். சோலாங்கின் சரிவு குல்மார்க்கின் முன் சிறியது. பனியும் குறுகிய காலமே நிற்கும். ஆனால் குலு பள்ளத்தாக்கு பனியை நம்பி மட்டும் வாழும் இடமன்று. ஆப்பிள் தோட்டமும் கம்பளி நெசவும் கோடைச் சுற்றுலாவும் அங்கு உண்டு. 1961-இல் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனம் மணாலியில் இருக்கிறது. ஊரிலேயே மருத்துவமனை உண்டு. நாற்பது கிலோமீட்டரில் குலு மாவட்ட மருத்துவமனை. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை, ரோத்தாங் கணவாய் மூடியதும் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்த லாகௌலைக் குளிர்காலத்திலும் மணாலியோடு இணைத்துவிட்டது. சோலாங்கை அடுத்த புருவா கிராமத்தில் வளர்ந்த ஆஞ்சல் தாக்கூர், 2018-இல் துருக்கியில் வெண்கலம் வென்று, பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார். அவருடைய சகோதரர் ஹிமான்ஷு 2014 சோச்சி ஒலிம்பிக்கில் சறுக்கியவர். சரிவின் அருகில் வாழ்வது என்றால் என்ன என்பதற்கு அக்குடும்பமே நல்ல விளக்கம்.

மணாலியின் ஆபத்து ஆற்றில் இருக்கிறது. 2023 ஜூலையில் பியாஸ் பெருக்கெடுத்துக் குலு–மணாலி நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அறுத்துச் சென்றது. கரையோரக் கட்டடங்களையும் கொண்டுபோனது. 2025 ஆகஸ்டில் அதே சாலை மீண்டும் அறுந்தது. ஆற்றின் படுகையில் விடுதி கட்டியவர்கள் ஆற்றைக் குறை கூறினார்கள். பழைய கிராமங்களோ ஆற்றை விட்டு விலகி மேட்டில் இருக்கின்றன. கல்லையும் மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கும் ‘காட்-குணி’ முறை வீடுகள் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றிருக்கின்றன. எங்கே வீடு கட்டக் கூடாது என்பதை முந்தைய தலைமுறை அறிந்திருந்தது. மணாலிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுபவர், ஆறு தெரியும் பால்கனிக்கு அதிகம் கொடுப்பதைவிட, மேட்டுக் கிராமத்தில் தோட்டத்தை அடுத்த பழைய வீட்டுக்குக் குறைவாகக் கொடுப்பது அறிவுடைமை.

குல்மார்க்கைப் பொறுத்தவரை, வாழ வேண்டிய ஊர் குல்மார்க் அன்று. 13 கிலோமீட்டர் கீழேயுள்ள தங்மார்க். மேலே இருப்பவை பெரும்பாலும் விடுதிகளும் அரசு நிறுவனங்களும். அங்கு பணிபுரிபவர்களில் பலர் தங்மார்க்கிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஏறி வருபவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் அப்பகுதியைச் சேர்ந்தவர். குல்மார்க்கில் சறுக்குக் கருவிகள் விற்ற தந்தையின் மகன். ஸ்ரீநகரின் பெரிய மருத்துவமனைகளும் விமான நிலையமும் ஓரிரு மணி நேரப் பயணத்தில். 2025 ஜூன் முதல் கட்ரா–ஸ்ரீநகர் இரயிலும் ஓடுகிறது. இவ்வளவு பெரிய சரிவுக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு பெரிய நகரம் இருப்பது இந்தியாவில் இங்கு மட்டுமே.

ஆயினும் இரண்டு உண்மைகளை மறைக்கலாகாது. ஒன்று, பனிப்பாறைச் சரிவு. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் குல்மார்க்கில் பனிப்பாறைச் சரிவில் சிக்கி உயிரிழந்தனர். ‘தூள்பனி’ என்று உலகச் சறுக்கர்கள் தேடிவரும் அதே புதுப்பனிதான் நழுவிவந்து கொல்கிறது. மற்றொன்று, அரசியல். 2019 ஆகஸ்டில் தொடர்புகள் துண்டிக்கப்பட்ட பின், அதிவேகக் கைப்பேசி இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். ‘எங்கிருந்தும் வேலை’ என்ற நம்பிக்கையோடு வருபவர் இந்த ஒன்றரை ஆண்டைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமக்கு இது ஒரு கணக்கு மட்டுமே, அங்குள்ள மாணவருக்கும் வணிகருக்கும் அது வாழ்ந்து தீர்த்த காலம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நார்கண்டாவின் சரிவு பெரிய சறுக்கரை மகிழ்விக்காது. கற்றுக்கொள்ளும் குழந்தைக்குப் போதும். சிம்லா அறுபது கிலோமீட்டர் சொச்சம். அடுத்துள்ள கோட்கட் பகுதியில் நூறாண்டுக்கு முன் சாமுவேல் ஸ்டோக்ஸ் நட்ட அமெரிக்க ஆப்பிள், அம்மலைகளுக்குப் பனியை நம்பாத வருமானம் ஒன்றைத் தந்துவிட்டது. பனி வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் ஊர் நிற்கும் என்ற நிலை, பட்டியல்களில் கடைசியில் வரும் இவ்வூருக்கு வாய்த்திருக்கிறது.

ஆக, குடியேற விரும்புபவர் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. இவ்வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது? சாலை மூடிய இரவில் நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனை, எத்தனை மணி நேரம்? ஜனவரியில் குழாய் உறைந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? குளிர்கால நீண்ட விடுமுறைக்குப் பள்ளி மூடும்போது பிள்ளை என்ன செய்யும்? பனி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தால் இவ்வூரார் எதைக்கொண்டு உண்பார்கள்? இவற்றுக்கு விடை சொல்ல எந்த விளம்பரத்தாலும் முடியாது. பிப்ரவரியில் சென்று பார்த்த ஊருக்கு ஆகஸ்ட் மழையில் இன்னொரு முறை சென்றால் பாதி விடை கண்ணெதிரே தெரியும். மீதியைத் தேநீர்க் கடையில் கேட்டறியலாம்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. குடும்பத்தோடு வாழ்வதற்குக் குலு பள்ளத்தாக்கின் மேட்டுக் கிராமங்கள் முதலில். அமைதியும் சிறு சரிவும் போதும் என்பவருக்கு நார்கண்டா. பனியே வாழ்வின் பொருள் என்பவருக்கு, அதன் ஆபத்துகளை அறிந்து ஏற்பவராயின், தங்மார்க். அவுலி கடைசியில். அதன் சரிவு தாழ்ந்தது என்பதற்காக அன்று. அதன் கீழுள்ள ஊருக்கு இன்னும் ஒரு மாடியைக்கூடச் சுமக்கும் வலு இல்லை என்பதற்காக. பார்க்கப் போகலாம், உள்ளூரார் வீட்டில் தங்கலாம், அவர்களிடமே சறுக்கக் கற்கலாம். கட்டுவதற்கு மட்டும் போகக் கூடாது.

ஜோஷிமட்டில் சுவர் பிளந்த குடும்பங்கள் 2023-இன் அக்குளிர்காலத்தைப் பள்ளிக் கட்டடங்களிலும் விடுதி அறைகளிலும் கழித்தன. பகலில் தம் வீட்டுக்குச் சென்று மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு இரவில் முகாமுக்குத் திரும்பியவர்கள் உண்டு. சரிவைத் தேடி வந்தவருக்கு ஊர் பிடிக்காவிட்டால் வேறு ஊர் இருக்கிறது. மாட்டுக்குத் தீனி வைக்கத் திரும்பியவருக்கு அது ஒன்றுதான் ஊர். எங்கே குடியேறலாம் என்று கணக்கிடுபவர், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தீர்மானிப்பது நல்லது.